விதைக்காதவர் அறுவடை

விதைத்தவனே அறுப்பான் என்று நம் முன்னோர் உறுதியாக நம்பினர். அறத்தின் அடித்தளமே அந்த நம்பிக்கைதான் என்றும் கூறலாம். தான் செய்யும் தீமை தன்னைத் தேடி வரும், தன்னைத் தப்பவிட்டாலும் தன் பிள்ளைகளைப் பற்றும் என்று அஞ்சித்தான் மனிதன் பல வேளைகளில் தன் கையை அடக்கிக்கொண்டான். ஆனால், இருபதாம் நூற்றாண்டில் மனிதன் உண்டாக்கிய சில பொருள்கள் இந்தக் கணக்கைக் கலைத்துவிட்டன. அவற்றுள் ஒன்று சீசியம்-137. அதை விதைத்தவர் ஒருவர். அதை அறுப்பவரோ நாட்டாலும் மொழியாலும் சில வேளைகளில் தலைமுறையாலும் வேறான இன்னொருவர். இவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை, காணப்போவதுமில்லை. இத்தகைய தீங்கிற்குப் பொறுப்பாளி யார்? அந்தப் பொருள் நடந்துபோகும் வழியிலேயே நாமும் கொஞ்ச தூரம் நடந்து சென்று இக்கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கை இங்கே நடத்த நான் வரவில்லை. கல்பாக்கம், கூடங்குளம் என்ற பெயர்களோடு வாழப் பழகிய நம் கடற்கரை மக்கள் அந்த வழக்கை நன்றாகவே அறிவார்கள். வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் பொதுவான ஒரு கேள்விதான் இங்கே எழுப்பப்படுவது.

சீசியம் இயற்கையிலேயே உள்ள உலோகம். 1860-ஆம் ஆண்டில் புன்சன், கிர்க்காஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் ஓர் ஊற்றின் கனிம நீரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சியதை நெருப்பில் காட்டி, அதன் ஒளியை முப்பட்டகத்தால் பகுத்துப் பார்த்தபோது, அதுவரை எவரும் கண்டிராத இரண்டு நீலக்கோடுகள் தெரிந்தன. வான்நீலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். அந்தச் சீசியத்தால் யாருக்கும் தீங்கில்லை. நாம் பேசும் சீசியம்-137 அதன் உடன்பிறப்பு. ஆனால், பிறந்த இடம் வேறு. அணு உலையில் யுரேனியத்தின் அணுக்கரு பிளக்கும்போது, நூறு பிளவுகளில் ஏறத்தாழ ஆறின் முடிவில் அது தோன்றுகிறது. மின்சாரம் வேண்டுமென்று நாம் உலையை மூட்டுகிறோம். சீசியம் வேண்டுமென்று எவரும் மூட்டுவதில்லை. அது கேட்காமலே வந்து சேரும் சாம்பல்.

இந்தச் சாம்பலின் அரை ஆயுள் ஏறத்தாழ 30 ஆண்டுகள். அதாவது, இன்று ஒரு பங்கு இருந்தால் 30 ஆண்டில் பாதியாகும். 60 ஆண்டில் கால் பங்காகும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டுகள் செல்லும். 30 ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக் காலம் என்பதை எண்ணிப் பாருங்கள். தந்தை வைத்துச் சென்றதில் பாதி மகனுக்கு; மகனிடம் இருந்ததில் பாதி பேரனுக்கு. சொத்து பிரிவதுபோலவே பிரிகிறது; வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கத்தான் வழியில்லை.

தூய சீசியம் 28 பாகைச் செல்சியஸிலேயே உருகிவிடும். நம் ஊர் நண்பகல் வெயில் அதற்குப் போதும். உலை கட்டுமீறிச் சூடேறும்போது யுரேனியமும் புளுட்டோனியமும் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்க, சீசியம் ஆவியாகி முதலில் வெளியேறுவோர் வரிசையில் நிற்கிறது. 1986 ஏப்ரல் 26-ஆம் நாள் அன்றைய சோவியத் உக்ரைனில் செர்னோபில் உலை வெடித்தபோது வெளிப்பட்ட சீசியம்-137-இன் கதிரியக்கத்தை எடைக் கணக்கில் மாற்றினால் சுமார் 27 கிலோதான் வரும். கடையில் நாம் வாங்கும் ஒரு சிப்பம் அரிசியைவிடச் சற்று அதிகம். அந்த ஒரு சிப்பம்தான் ஐரோப்பாக் கண்டத்தின் பெரும்பகுதியில் தூவப்பட்டது. இரண்டு நாள் கழித்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் சுவீடனில் உள்ள ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு தொழிலாளியின் காலணி கருவியைக் கூச்சலிட வைத்தது. தங்கள் உலையில்தான் கசிவோ என்று முதலில் அவர்கள் திகைத்தனர். செய்தவர் வாய் திறப்பதற்கு முன்பே காற்று செய்தி சொல்லிவிட்டது.

காற்று சுமந்ததை மழை இறக்கி வைத்தது. மழை யார்மீது பெய்வதென்று ஆராய்ந்து பெய்வதில்லை. ஸ்காண்டிநேவியாவின் நடுப்பகுதியிலும் வடபகுதியிலும் சாமி இன மக்கள் வாழ்கிறார்கள். (நம் மொழியில் அப்பெயர் வேறு பொருள் தருவது தற்செயல்.) ரெயின்டீர் என்னும் பனிமான்களை மேய்ப்பது அவர்களில் பலருடைய தொழில், உணவு, வாழ்க்கை முறை எல்லாம். பனிக்காலத்தில் அந்த மான்கள் தின்பது லைக்கன். நம் வீட்டு மசாலாப் பெட்டியில் இருக்கும் கல்பாசியும் அந்த இனமே. லைக்கனுக்கு வேர் இல்லை; மண்ணிலிருந்து உறிஞ்சாமல், காற்றும் மழையும் கொண்டுவருவதையே ஏற்று உயிர் வாழ்கிறது. பல ஆண்டுகள் வாழும் அது, வந்ததையெல்லாம் சேமித்தும் வைக்கிறது. லைக்கனிலிருந்து மானுக்கு, மானிலிருந்து மேய்ப்பனுக்கு. எந்த அணு உலைக்கும் தொடர்பில்லாத மக்களின் தட்டில் இவ்வாறு சீசியம் வந்து அமர்ந்தது.

சுவீடன் அரசு முதலில் ஒரு கிலோ இறைச்சிக்கு 300 பெக்கரல் என்று வரம்பு விதித்தது. அதன்படி மான்கள் கொல்லப்பட்டு, உண்ணப்படாமல் வீசப்பட்டன. 1987-இல் பனிமான் இறைச்சிக்கு அந்த வரம்பை 1500 ஆக உயர்த்தினர். நார்வே அதற்கு முன்பே, 1986 நவம்பரில், 6000 ஆக உயர்த்தியிருந்தது. நாட்டின் பொதுமக்கள் பனிமான் இறைச்சியை அரிதாகவே உண்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால், அதை நாள்தோறும் உண்பவர் யார்? சாமி மக்களே. வரம்பை உயர்த்தாவிட்டால் அவர்கள் தொழில் அழியும். உயர்த்தினால் அவர்கள் உடல் அதிகமாக ஏற்கும். அவர்களுக்குத் தனியே உணவு அறிவுரை தரப்பட்டது. இதை வஞ்சகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீதி என்று சொல்லவும் நா எழவில்லை. தவறு எங்கோ நடந்து முடிந்துவிட்டபின், இரண்டு இழப்புகளில் எது சிறியது என்று பார்க்கும் வேலை மட்டுமே எஞ்சியிருந்தது. அந்த வேலையும் தவறு செய்யாதவர் தலையிலேயே விழுந்தது.

அதே மழை 1986 மே முதல் வாரத்தில் இங்கிலாந்தின் வடமேற்கே கம்பிரியா மலைகளிலும் வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் பெய்தது. ஜூன் 20-ஆம் நாள் கம்பிரியாவில் ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை வந்தது. தடை மூன்று வாரங்களில் நீங்கிவிடும் என்று அரசு கூறியது. விரைவில் பிரித்தானியாவெங்கும் ஏறத்தாழ 9,800 பண்ணைகள் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. மூன்று வாரம் என்ற அந்தத் தடையின் கடைசித் துண்டு நீங்கிய நாள் 2012 ஜூன் 1. இருபத்தாறு ஆண்டுகள்!

அறிவியலார் பொய் சொல்லவில்லை. அவர்கள் அறிந்திருந்தது களிமண்ணின் கதை. களிமண்ணின் நுண்தகடுகள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. சில வகைக் களிமண்ணில் அந்த ஏடுகளின் ஓரங்கள் சிறிது விரிந்து நிற்கும். அந்த இடுக்கில் சீசியம் நுழைந்தால் பின்னர் எளிதில் வெளிவராது, வேருக்கும் எட்டாது. ஆனால், மலைமேய்ச்சல் நிலங்களின் மண் அவ்வகையன்று. மட்கிய தாவரங்கள் சேர்ந்து கறுத்த, புளித்த, களி குறைந்த மண் அது. அங்கே சீசியத்தைப் பிடித்துவைக்க யாருமில்லை. புல் உறிஞ்சியது, ஆடு மேய்ந்தது, சாணமாக மண்ணுக்குத் திரும்பியது, மீண்டும் புல். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வாளர் பிரையன் வின் அந்த மேய்ப்பர்களிடம் பேசி எழுதியவை படிக்கத் தக்கவை. நிலத்தில் பென்டோனைட் என்னும் களிப்பொருளைத் தூவி, ஆடுகளை வேலிக்குள் அடைத்துச் சோதிக்க வல்லுநர்கள் முற்பட்டார்களாம். மலையில் திரிந்து பழகிய ஆடு வேலிக்குள் மெலிந்துபோகும், சோதனை பயன்படாது என்றார்கள் மேய்ப்பர்கள். கேட்பாரில்லை. பிறகு அவர்கள் சொன்ன காரணத்தாலேயே அச்சோதனை சத்தமின்றிக் கைவிடப்பட்டது.

இங்கே அறிவின்மையைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. ஓரிடத்து உண்மையை எல்லா இடத்து உண்மையாக அறிவிக்கும் துணிவு. 'மூன்று வாரம்' என்ற சொல்லை நம்பி ஆட்டைப் பிடித்துவைத்திருந்தவன் மூன்று வாரத்திற்குப் பின் யாரிடம் போய் நிற்பான்? தீங்கு செய்தவன் தொலைவில் இருக்கிறான். தீங்கை அளந்து சொன்னவனோ அருகில் இருக்கிறான். அளந்து சொல்பவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தன் அறிவின் எல்லை எந்த வேலியோடு முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் பொறுப்பு.

மண்ணையும் புல்லையும் கடந்து உடலுக்குள் வருவோம். சீசியம் ஏன் உயிர்கள் தோறும் இவ்வளவு எளிதாக உலவுகிறது? விடை வியப்பானது. அது பொட்டாசியத்தைப் போன்றிருக்கிறது. பொட்டாசியம் இல்லாமல் நரம்பு உணராது, தசை அசையாது, இதயம் துடிக்காது. ஆதலால் ஒவ்வோர் உயிரணுவும் தன் மெல்லிய சவ்வில் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் விசைகளையும், வெளியே விடும் நுண்வாயில்களையும் வைத்திருக்கிறது. அந்த வாயில்கள் மிகக் கண்டிப்பானவை. பொட்டாசியத்தைவிடச் சிறியதான சோடியம் வந்தாலும் அவை விடுவதில்லை. சிறியதை மறுத்துப் பெரியதை ஏற்கும் இந்தப் புதிரின் வடிவத்தை 1998-இல் விளக்கிக் காட்டிய ராடரிக் மக்கினன் 2003-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால், உள்ளே இழுக்கும் விசைக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. சீசியத்தையும் பொட்டாசியம் என்றே கருதி உள்ளே அழைத்துக்கொள்கிறது. வெளியே செல்லும் வாயிலில் சீசியத்தின் பருமன் தடையாகிறது. வாசல் வழியே வரவேற்கப்பட்ட விருந்தாளி, வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறான். மனித உடலில் புகுந்த சீசியத்தில் பாதி வெளியேற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது.

தீமை பகைவனாக வந்தால் உடல் எதிர்க்கிறது, மனமும் எதிர்க்கிறது. உணவின் வடிவில், அன்றாடத்தின் வடிவில் வந்தால் இரண்டுமே கதவைத் திறக்கின்றன. உயிரணுவைக் குற்றம் சொல்ல முடியுமா? உயிர் வாழ்வதற்குரிய நல்ல வழியே தீங்கு வரும் வழியாகவும் ஆயிற்று. ஆகவே இந்தத் தீங்கிற்கெதிரான காவலை உடலிடம் ஒப்படைக்க முடியாது. அது சீசியத்திற்கு வெகு முன்பே, அதைக் கையில் வைத்திருப்பவனிடத்திலேயே தொடங்கியாக வேண்டும்.

கையில் வைத்திருப்பவன் விட்டுச் சென்றால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் நாட்டின் கோயானியா நகரம் சாட்சி. அங்கே புற்றுநோய்க்குக் கதிர்மருத்துவம் செய்த ஒரு நிலையம் 1985-இன் இறுதியில் வேறிடத்திற்குக் குடிபெயர்ந்தது. சீசியம் அடங்கிய பழைய கருவியை மட்டும், உரிமம் வழங்கிய அதிகாரிகளுக்கு அறிவிக்காமல், பழைய கட்டடத்திலேயே விட்டுவிட்டது. 1987 செப்டம்பரில் பிழைப்புத் தேடிய இளைஞர் இருவர் அதைக் கழற்றிக் காயலான் கடையில் விற்றனர். உள்ளே இருந்த சீசியம் உப்பு சுமார் 93 கிராம். இருட்டில் அது நீலமாக ஒளிர்ந்தது. கடைக்காரர் அந்த அழகில் மயங்கி, அரிசிமணி அளவுத் துணுக்குகளை உறவினருக்கும் நண்பருக்கும் பங்கிட்டார். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அதை உடலில் பூசிக்கொண்டு விளையாடி, அந்தக் கையாலேயே உணவும் உண்டாள்.

வீட்டில் ஒருவர்பின் ஒருவராக நோயுற்றபோது, காரணம் இந்தப் பொருள்தான் என்று முதலில் ஐயுற்றவர் எந்த மருத்துவரும் அல்லர், கடைக்காரரின் மனைவி. அறிவியல் பயிலாத அந்தப் பெண், அதன் எச்சத்தைப் பைக்குள் போட்டு, ஓர் ஊழியரையும் அழைத்துக்கொண்டு, பேருந்தில் ஏறிச் சுகாதார அலுவலகத்திற்குக் கொண்டுபோய் ஒப்படைத்தார். மறுநாள் ஓர் இயற்பியலார் கருவியோடு வந்து உண்மையை உறுதிசெய்தார். அவர் வந்து சேர்ந்த வேளையில் தீயணைப்பு வீரர்கள் அந்தப் பொருளை ஆற்றில் வீசிவிட எண்ணியிருந்தனராம்! அவர் தடுத்திராவிட்டால் கதை ஆற்றின் வழியே எவ்வளவு தூரம் போயிருக்குமோ. ஒலிம்பிக் விளையாட்டரங்கில் 1,12,000-க்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று சோதிக்கப்பட்டனர், 249 பேரிடம் சீசியம் காணப்பட்டது, நால்வர் இறந்தனர். சிறுமியும், அந்தப் பெண்ணும் அவர்களுள் அடங்குவர். 46 பேருக்குப் பிரஷ்ய நீலம் என்னும் மருந்து தரப்பட்டது. ஓவியர்கள் தூரிகையில் தோய்த்த அதே நிறமிதான். குடலில் சீசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றும். நீலம் கொன்றது, நீலமே சிலரைக் காத்தது.

சிறுமியைக் காரீயம் பதித்த பெட்டியில் வைத்து அடக்கம் செய்ய எடுத்துச் சென்றபோது, தங்கள் கல்லறைத் தோட்டத்தில் அவளைப் புதைக்கக் கூடாதென்று திரண்ட கூட்டத்திலிருந்து கற்கள் பறந்தன. அஞ்சிய மக்களை நான் எளிதில் தீர்ப்பிட மாட்டேன். ஆயினும் அந்தக் கற்கள் யாரை நோக்கி எறியப்பட வேண்டியவை, யார்மீது விழுந்தன என்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பது கோயானியாவில் தெளிவாகிறது. குற்றம் பின்னோக்கிப் பார்க்கும், செய்தவனைத் தேடும், நீதிமன்றம் அதைச் செய்யட்டும். பொறுப்பு என்ற நம் சொல்லோ 'பொறு' என்ற வேரிலிருந்து வருவது. சுமையைப் பொறுத்தலும் அதுவே. பிழையைப் பொறுத்தலும் அதுவே. அந்தப் பெண்ணுக்குக் குற்றத்தில் பங்கில்லை. ஆனால், தன் கைக்கு வந்த பொருளுக்குத் தானே பொறுப்பு என்று அதைச் சுமந்தார். விட்டுச் சென்ற நிலையத்தாரும் ஆற்றில் வீச எண்ணியவர்களும் தீய உள்ளம் படைத்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு மறைந்தால் கடமை முடிந்தது என்று அவர்கள் எண்ணினார்கள். நாம் எல்லாரும் குப்பைக்குச் செய்வது அதுதானே? சீசியத்திடம் அந்த வழக்கம் செல்லாது. அது மறைந்த இடத்திலிருந்துதான் பயணத்தைத் தொடங்குகிறது.

'செய்தவனைக் கண்டுபிடித்த பிறகு பொறுப்பைப் பேசுவோம்' என்பவர்களுக்குப் பவேரியக் காடுகளின் காட்டுப்பன்றிகளைக் காட்டலாம். அவை மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானைத் தோண்டித் தின்பவை. செர்னோபிலுக்குப் பின் பல பத்தாண்டுகள் கடந்தும் அவற்றின் உடலில் சீசியம் குறையாததற்குக் காரணம் தேடிய ஆய்வாளர்கள், 2023-இல் ஒன்றை வெளியிட்டனர். அதில் கணிசமான பங்கு செர்னோபிலுடையது அன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவே வல்லரசுகள் வானில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளுடையது. வெடித்தவர்களில் பலர் இறந்துவிட்டனர். ஆணையிட்ட ஓர் அரசே மறைந்துவிட்டது. பன்றி மட்டும் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறது. யார்மீது வழக்குத் தொடுப்பது?

ஆயின், பிறக்காத தலைமுறையின் சார்பில் நாம் வாக்குக் கொடுக்க முடியுமா? ஜப்பான் அப்படி ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா உலைகள் உருகியபின், அந்த மாநிலத்தின் வயல்களிலும் முற்றங்களிலும் மேல்மண் சீவி எடுக்கப்பட்டது. உழவன் தலைமுறை தலைமுறையாக உரமிட்டு வளர்த்த மண்ணும் அதில் அடக்கம். சுமார் 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர் மண், உலையைச் சூழ்ந்த ஒக்குமா, ஃபுதாபா என்னும் ஊர்களில் குவிக்கப்பட்டது. அதற்காகத் தங்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்த மக்களிடம், 2045 மார்ச்சுக்குள் அந்த மண் ஃபுகுஷிமாவுக்கு வெளியே நிரந்தரமாக அகற்றப்படும் என்று சட்டமே இயற்றி உறுதி கூறப்பட்டது. 2045-இல் அமைச்சராக இருக்கப்போகிறவர் அன்று பள்ளிச் சிறுவராக இருந்திருக்கலாம். அவரைக் கேட்காமலே அவர் பெயரில் எழுதப்பட்ட கடன் அது. இருந்தும், இந்த வாக்கை நான் குறைவாக மதிக்கவில்லை. எந்த நாளுக்குள், எந்த மண்ணை, யாருக்காக என்று எழுதிவைத்த கடன், எழுதாமல் ஆற்றில் வீசிய கடனைவிட மேலானது.

அந்த மண்ணை ஏற்க மற்ற மாநிலத்தார் முன்வரவில்லை. தோக்கியோ நகரிலேயே ஒரு பூங்காவில் கதிரியக்கம் குறைந்த மண்ணைச் சோதனையாகப் பயன்படுத்த எண்ணியபோது, அருகில் வாழ்வோர் எதிர்த்தனர். அந்த மின்சாரம் யாருக்காக உற்பத்தியானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ஃபுகுஷிமாவின் உலைகள் ஃபுகுஷிமாவுக்கு விளக்கேற்றவில்லை; தோக்கியோவுக்கும் அதைச் சூழ்ந்த பகுதிக்கும் ஏற்றின. 2025 ஜூலையில் அந்த மண்ணில் சிறிது லாரியில் ஏற்றப்பட்டு, தோக்கியோவில் பிரதமர் அலுவலக வளாகத்தின் முன்தோட்டத்தில் கொட்டப்பட்டு, மேலே வேறு மண் போட்டு மூடப்பட்டது. அளவு 2 கன மீட்டர். மீதியில் மிகப் பெரும்பகுதி, ஒக்குமாவிலும் ஃபுதாபாவிலும் இருக்கிறது.